பதினான்காவது பொட்டு

கவிதா, அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அந்த அறைக்குள் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். கட்டிலில் உன் அப்பா, இடது கையில் மாவுக்கட்டோடு. கட்டிலின் கால்மாட்டில் நீ. ஜன்னல் ஓரத்தில் உன் சரசு அத்தை, அப்பாவின் அக்கா. கதவருகே, மலைக் கல்யாணத்துக்கு நம்மிடம் லைட் கேட்டிருந்த போட்டோகிராபர் மஞ்சுநாத். குளுக்கோஸ் பாட்டிலை மாற்ற வந்த நர்ஸ். பிறகு ஸ்டூலில் நான், மடியில் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு. ஆறு பேர், வேறு யாரும் இல்லை. அந்த ஆறு பேர் இருந்த இடத்தில்தான் நீ, "சாமான் கட்டற பெல்ட்டை நான்தான் இறுக்காம விட்டிருக்கேன்ப்பா. மறந்துட்டேன் போல" என்று சொன்னாய். அது உண்மையில்லை என்று தெரிந்த ஒருத்தி அங்கே இருந்தாள். அவள் பிளாஸ்க்கைத் திறந்து உனக்குக் காபி ஊற்றிக் கொடுத்தாள்.

மூன்று வருஷம் கழித்து இதை எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ "விடும்மா" என்று சொல்லிவிடுவாய், நானும் விட்டுவிடுவேன், அந்தப் பயத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். நான் படித்தது கன்னடப் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரைக்கும். தமிழ் எழுத்தைக் காலண்டர் தாளையும் தேவாரப் புத்தகத்தையும் வைத்து நானே கற்றுக்கொண்டேன். உனக்கும் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். பரவாயில்லை, இதை மெதுவாகவே படி. உனக்கு அனுப்பிய கையோடு இதை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போடப் போகிறேன். பழியை நீ எல்லோர் எதிரிலும் வாங்கிக்கொண்டாய். நான் மட்டும் உன் காதோடு வந்து உண்மையைச் சொன்னால் அது நியாயமாகாது.

இந்த வேலையில் நீ இறங்கியதே எனக்குப் பிடிக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். அப்பா ஸ்டூடியோக்காரர்களுக்கு வேன் ஓட்டினார், காலேஜ் லீவில் நீ கூடப் போனாய், அதுவரைக்கும் சரி. லைட் எங்கே நின்றால் முகத்தில் நிழல் எப்படி விழும் என்று நீ கற்றுக்கொண்டதும் சரிதான். ஆனால் நீயே லைட்டும் ஸ்டாண்டும் வாங்கிச் சேர்த்து, பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு சத்திரம் சத்திரமாக ஏறி இறங்க ஆரம்பித்தபோது, தெருவில் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. தேவராஜ மொஹல்லாவில் அந்த நகைக்கடை மாடியில் படமெடுத்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? சந்துக்குள் வேன் நுழையாது என்று மார்க்கெட் வாசலிலேயே இறக்கிவிட்டு, சுமைகூலிக்காரர் ஒருவரைக் கூப்பிட்டாய். நானும் பூ வாங்க வந்திருந்தேன். ஸ்டாண்டுகள் இருந்த நீளமான கறுப்புப் பையை அவர் தலைக்கு ஏற்றிக்கொண்டே, "ஏனக்கா, இத்தனை கனமா இருக்கே, உள்ள யாரு?" என்று கேட்டார். "மாப்பிள்ளை. பாத்துத் தூக்குங்கண்ணா, கால் மடங்கிடப் போகுது" என்றாய் நீ. பூக்கடைக்காரிகள் அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உன்னைத் தெரியாதவள் மாதிரி நடந்துவிட்டேன். அதை நீ பார்த்தாயா இல்லையா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

உன்னைப் பெண் பார்க்க வந்த கொள்ளேகால் வீட்டுக்காரர்களிடமும் அப்படித்தான். அந்த அம்மா மிக்சரைக் கொறித்துக்கொண்டே, "கல்யாணத்துக்கப்புறமும் வேன்ல போவியா கண்ணு?" என்று கேட்டதற்கு, "வேன் இல்லாம லைட் தானா நடந்து வருமாங்க?" என்றாய். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அவர்கள் போன பிறகு நான் உன்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

இருந்தாலும் உன் கை வேலையை நான் கவனிக்காமல் இல்லை. நடு சீட்டைக் கழற்றிவிட்ட வேனுக்குள், ஒவ்வொரு சாமானுக்கும் நீ வைத்த இடம் எனக்கு மனப்பாடம். ஸ்டாண்டுப் பை தரையில், நீளவாக்கில். அதற்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டைகள். அதன்மேல் பேட்டரிப் பெட்டிகள், அதற்கும் மேலே லைட் பெட்டிகள், எல்லாவற்றுக்கும் உச்சியில் லைட்டுக்கு முன்னால் மாட்டும் சாஃப்ட்பாக்ஸ் துணிக்குடைகள், மடித்தபடி. ஸ்டாண்டுப் பைக்கென்று தனியாக ஒரு பெல்ட், மேலே உள்ளவற்றுக்கு இரண்டு பெல்ட். பெல்ட்டை இறுக்க அதன் இரும்புக் கைப்பிடியை மேலும் கீழும் நீ ஆட்டும்போது கடகடவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் நின்றால் வண்டி தயார் என்று நான் அடுப்படியிலிருந்தே தெரிந்துகொண்டு டிபன் டப்பாவை எடுத்து வருவேன். எந்தச் சாமான் எந்தப் பையில் போகிறது என்று நோட்டில் எழுதி, திரும்பி வந்ததும் டிக் போடுவது என் வேலை. நீ கேட்காமலே நான் எடுத்துக்கொண்ட வேலை அது. ஆறு வருஷத்தில் ஒரு வயர்கூடக் காணாமல் போனதில்லை என்று நீ மஞ்சுநாத்திடம் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

இனி அந்த நாள். மாதேஸ்வரன் மலையில் மறுநாள் காலை முகூர்த்தம். மொத்தச் சாமானும் முதல்முறையாக மலைக்குப் போகிறது. மாதப்பன் சன்னிதிக்குப் போகிற பொருள் வெறுமையாகப் போகக்கூடாது, ஆயுத பூஜைக்குச் செய்வதுபோல ஒவ்வொன்றுக்கும் விபூதி பூசிக் குங்குமப் பொட்டு வைத்துத்தான் அனுப்புவது என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். அதை உன்னிடம் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் ஏற்றுவதற்கு முன்பே வாசலில் வரிசையாக வைத்திருப்பாய். நான் குளித்து முடித்து, அடுப்படியில் தட்டைத் தயார் செய்து எடுத்து வருவதற்குள் நீ எல்லாவற்றையும் ஏற்றி, பெல்ட் போட்டு முடித்துவிட்டாய்.

"பொட்டு வெச்சுக்கறேன் கண்ணு" என்றேன்.

"மேல இருக்கறதுக்கு வையும்மா. உள்ள எதையும் தொடாதே. ஏத்துனதுக்கு அப்புறம் சாமியே வந்தாலும் தொடக்கூடாது."

நீ விளையாட்டாகத்தான் சொன்னாய். எனக்குச் சுருக்கென்று தைத்தது. சாமியே வந்தாலும் என்று ஒரு பேச்சா, அதுவும் மலைக்குப் புறப்படுகிற நேரத்தில்? நீ உடை மாற்ற உள்ளே போனாய். அப்பா எதிர்ச் சாரியில் டயருக்குக் காற்றுப் பிடிக்கும் கடையில் பேசிக்கொண்டிருந்தார். நான் நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்து வந்தேன். பதின்மூன்று வந்தது. நோட்டில் பதினான்கு. விட்டுப்போனது தரையில் கிடந்த ஸ்டாண்டுப் பை. கறுப்புத் துணியில் என் கைக்கு எட்டிய ஓரம் முழுக்க பெல்ட் மூடியிருந்தது. அப்படியே விட்டிருக்கலாம். மனசுக்குள் நினைத்தாலே சாமிக்குப் போதும் என்று அடுத்த வீட்டுப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுக்கிறவள்தான் நான். ஆனால் என் நோட்டில் பதினான்கு இருந்து, வண்டியில் பதின்மூன்று பொட்டு இருந்தால் என்னால் தாங்க முடியாது. அந்தக் கைப்பிடியைப் பிடித்து எதையோ அமுக்கினேன், பெல்ட் விட்டுக்கொடுத்தது. பையின் முனையைக் கொஞ்சம் வெளியே இழுத்து, விபூதி பூசி, பொட்டு வைத்துத் திரும்ப உள்ளே தள்ளினேன். பெல்ட்டைப் பழையபடி மாட்டி, கைப்பிடியை ஆட்டிப் பார்த்தேன். கடகட சத்தம் வரவில்லை. வரவைக்க எனக்குத் தெரியவில்லை. கையால் முடிந்த மட்டும் இழுத்து, மிச்ச நுனியைப் புடவைக் கொசுவத்தைச் செருகுவதுபோலச் செருகிவிட்டேன். பார்வைக்கு இறுக்கமாகத்தான் இருந்தது. நோட்டில் "பொட்டு 14" என்று எழுதினேன்.

நீ வெளியே வந்து என் கையிலிருந்த குங்குமத்தைப் பார்த்தாய். "உள்ள எதாச்சும் தொட்டியாம்மா?" என்று கேட்டாய். நான், "நா எதையும் தொடலை. பொட்டு மட்டுந்தா வெச்சேன்" என்றேன்.

கவிதா, இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வேண்டியது இந்த ஒரு வரிதான். பெல்ட்டை அவிழ்த்தது அறியாமை. அதற்கு நான் உன்னிடம் வெட்கப்படலாம், அவ்வளவுதான். ஆனால் நீ கேட்டாய். கேட்டபோது, திட்டு வாங்கக்கூடாது என்பதற்காக, இருபத்தெட்டு வயது மகளின் திட்டுக்குப் பயந்து, பொய் சொன்னேன். பெற்ற தாய் சொல்கிறாளே என்று நம்பி நீ கதவைச் சாத்தினாய்.

ஹனூர் தாண்டி அந்த இறக்கத்தில் ஆட்டுமந்தை குறுக்கே வந்ததையும், அப்பா பிரேக்கை மிதித்ததையும், பை இரண்டு சீட்டுக்கும் நடுவே ஈட்டி மாதிரி வந்து அவர் கியர் போடும் கையின் முழங்கையை உடைத்ததையும் நீ பக்கத்தில் இருந்து பார்த்தவள். நான் எழுதத் தேவையில்லை. ஒற்றைக் கையால் வண்டியை ஓரக்கல்லில் முட்டி நிறுத்தினாரே, அந்த மட்டில் உங்கள் இருவர் உயிரையும் மாதப்பன் காப்பாற்றினான். அவரை ஆம்புலன்ஸில் ஏற்றும்போது நீ திரும்பிப் போய் பெல்ட்டைப் பார்த்திருக்கிறாய். இறுக்காமல் நுனி மட்டும் செருகியிருந்ததைப் பார்த்து, நீதான் மறந்துவிட்டாய் என்று முடிவுக்கு வந்திருக்கிறாய். என்மேல் உனக்கு ஒரு நிமிஷம்கூடச் சந்தேகம் வரவில்லை.

நீ அறையில் ஒப்புக்கொண்டதும் சரசு அத்தை சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன், அவர்களும் குழுவில் படிக்கட்டும். "பொட்டப் புள்ள கட்டுன கட்டை நம்பி வண்டியெடுத்தா இப்படித்தா ஆகும். ஆம்பளை செய்யற வேலைய ஆம்பளைதா செய்யோணும்." அப்பா மருந்து மயக்கத்திலும், "அக்கா, வாயை மூடு. அம்மிணி, நீ அழுகாத சாமி, யாருக்குந்தா தப்பு நடக்கும்" என்றார். மஞ்சுநாத் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிந்த தலையிலிருந்துதான் பேச்சு ஊரெல்லாம் போயிற்று என்று பிறகு தெரிந்தது. ஒவ்வொரு ஸ்டூடியோவாக உன்னைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். நீயும் யாரிடமும் போய் நிற்கவில்லை. சாமான்களைப் பின்னறையில் அடுக்கித் துணி போர்த்திவிட்டு, பெங்களூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து யாரோ எடுத்த படங்களுக்கு வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் வேலைக்குப் போய்விட்டாய். கையில் ஒரு பெட்டியைத் தூக்கக்கூட உனக்குப் பயமாக இருக்கிறது என்று ஒருமுறை சொன்னாய். அப்போதும் நான், "போகப் போகச் சரியாகும்" என்றேன்.

அந்த ஆடியில் நான் மலைக்குப் போய் முடி கொடுத்தேன். அப்பாவின் கைக்காக என்று நீங்கள் எல்லோரும் நினைத்தீர்கள். நானும் அப்படியே நினைக்கவிட்டேன். திங்கட்கிழமை விரதம் இருந்தேன், நூற்றியெட்டு சுற்று சுற்றினேன், மன்னித்துவிடு என்று சாமியிடம் சொல்லாத நாள் இல்லை. அவன் மன்னித்தானோ என்னவோ எனக்குத் தெரியாது. ஆனால் மன்னிப்பைக் கேட்க வேண்டிய ஆள் பெங்களூரில் ஓர் அறையில் இருக்கும்போது, கோயிலில் கேட்டுக்கொண்டிருப்பது எனக்கு வசதியாக இருந்தது. இதைச் சாமி முன்னால் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பொட்டு வைத்ததில் பிழை இருப்பதாக இப்போதும் நான் நினைக்கவில்லை. உனக்குச் சொல்லாமல் வைத்தேனே, அதில்தான் எல்லாம் கெட்டது.

போன வாரம் மஞ்சுநாத் வீட்டுக்கு வந்தார். கிராமத்துக் கோயில்களைப் படமெடுக்கும் வேலை ஒன்று கிடைத்திருக்கிறதாம், கர்ப்பக்கிரகத்து வாசலில் பழைய கல்லில் வெளிச்சம் விழ வைக்கத் தெரிந்த ஆள் வேண்டுமாம். "கவிதா பரல்வா அம்மா? அவள் வரமாட்டாளா? வேறே ரெண்டு பேரை வெச்சுப் பார்த்தேன், எல்லாக் கல்லும் சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி வருது" என்றார். அப்பா, "அவ வரமாட்டா சார். சாமானே அடுத்த வெள்ளிக்கிழமை மண்டியாக்காரருக்கு விலைக்குப் போகுது. நானே போன்ல கேட்டேன், வித்துடுங்கன்னுட்டா" என்றார். அந்த மனிதர், "அந்த ஒரு பெல்ட்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் காலை அப்பாவுக்குச் சட்டை போட்டுவிட்டுக்கொண்டிருந்தேன். முழங்கை மடங்காததால் கழுத்துப் பட்டனுக்கு அவர் இடது கை எட்டாது, மூன்று வருஷமாக நான்தான் போட்டுவிடுகிறேன். அதைப் போடும்போது சொன்னேன். "ஏனுங்க, பெல்ட்டை அவுத்தது நானுங்க." அவருக்கு முதலில் புரியவில்லை. முழுக்கச் சொன்னேன். என் கையை எடுத்து அப்பால் வைத்துவிட்டு, திறந்த கழுத்தோடு வெளியே போய்விட்டார். இரண்டு நாள் தலைவழியே மாட்டும் பனியனிலேயே இருந்தார், என்னைக் கிட்டே விடவில்லை. மூன்றாம் நாள் சட்டையைக் கொண்டுவந்து என் எதிரில் நின்றார். "என் கை ஒடஞ்சது போச்சாது, விடு. அது எலும்பு. அவ ரெண்டு கையையும் கட்டிப் போட்டுட்டியே, அதை அவுத்து விடு மொதல்ல" என்றார். "மண்டியாக்காரனுக்கு நா பதில் சொல்லிக்கறேன். அவகிட்டக் கேளு."

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி இந்த விஷயத்தில் எனக்கு இல்லை. இருந்தாலும் தாயாக ஒன்று சொல்கிறேன். எது உடைந்தாலும் முதல் ஆளாக "நான்தான்" என்று சொல்லும் பழக்கம் உனக்கு. முதல் வருஷம் ஒரு பிளாஷ் குழாய் உடைந்ததே, அந்தப் பெட்டியின்மேல் மணல் மூட்டையைப் போட்டது அன்றைக்கு நம் வீட்டுக்கு வந்திருந்த போட்டோகிராபர். என் கண்ணால் பார்த்தேன். நீ, "நான் பாத்திருக்கணும் சார், என் தப்புதான்" என்றாய். அதை நான் நல்ல குணம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அந்தக் குணத்தின் நிழலில்தான் நான் மூன்று வருஷம் ஒளிந்துகொண்டேன். இனிமேல் ஒன்று கெட்டுப்போனால், யார் யார் கை பட்டது என்று கேள். கூச்சப்படாதே. பதில் சொன்னவர் உன் அம்மாவாகவே இருந்தாலும், கதவைச் சாத்துவதற்குமுன் பெல்ட்டை உன் கையால் ஒருமுறை இழுத்துப் பார். அன்றைக்கு இழுத்துப் பார்க்காததை உன் குற்றமாக எடுத்துக்கொள்ளாதே. நீ நம்பினாய், நான் நம்பத் தகாதவளாக நடந்துகொண்டேன்.

மஞ்சுநாத்திடம் நானே போய்க் கன்னடத்தில் சொல்லிவிட்டேன், அவர் கடையில், அவரிடம் வேலை செய்கிற இரண்டு பேர் கேட்கும்படியாக. சரசு அத்தைக்கு இந்தக் கடிதமே போதும். அவர்கள் உன்னிடம் பேசினால் பேசட்டும், நீ பதில் சொல்ல வேண்டியதில்லை.

பின்னறையைத் திறந்து சாமான்களைத் துடைத்து வைத்திருக்கிறேன். எதையும் இடம் மாற்றவில்லை. நீ திரும்பி வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. பெங்களூர் வேலை உனக்குப் பிடித்துப்போயிருந்தால் அதுவும் நல்லதுதான், லைட்டை விற்றுவிடலாம். ஆனால் உன் கை சரியில்லை என்று நினைத்துக்கொண்டு விற்கச் சொல்லாதே. உன் கை சரியாகத்தான் இருந்தது. அன்று காலை அந்தக் கடகட சத்தத்தை நான் அடுப்படியில் கேட்டேன். மூன்று பெல்ட்டுக்கும் கேட்டேன்.

என்னைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று இப்போதே சொல்ல வேண்டாம். அதற்கு எத்தனை நாள் வேண்டுமோ எடுத்துக்கொள், பேசாமல் இருந்தாலும் நான் பொறுத்துக்கொள்வேன். மண்டியாக்காரர் மட்டும் வெள்ளிக்கிழமை காலை வருகிறார். லைட்டை விற்பதா, வைத்துக்கொள்வதா என்று வியாழக்கிழமைக்குள் அப்பாவுக்கு ஒரு வரி எழுது.

அம்மா